ஏரிக்கரை இங்கிதம்: போட்டித் தூண்டிலும் பொழுதுபோக்குத் தூண்டிலும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் மாணவர்களுள் பலர் தந்தையாரோடும் தாத்தாவோடும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுகின்றனர். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, தக்கையையே பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அமைதியாக அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டால் எந்த ஆசிரியருக்கும் மகிழ்ச்சியே உண்டாகும். ஆனால், அந்தக் கரையில் பிள்ளைகள் மீன்பிடிக்க மட்டும் கற்பதில்லை. எல்லார்க்கும் பொதுவான ஓர் இடத்தில் பெரியவர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகின்றனர் என்பதையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றனர்.

அப்படிக் கற்றுக்கொள்ளும் இடங்களில் ஒரு சிக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்பிடிப் போட்டிகள் நடைபெறும்போது, கட்டணம் செலுத்திப் பரிசுக்காக வருபவருக்கும், வாரந்தோறும் பொழுதுபோக்காக வந்து அமர்பவருக்கும் இடையே உரசல் எழுகிறது. இதைச் சின்னஞ்சிறு வாய்த்தகராறு என்று நாம் ஒதுக்கிவிடலாம். எனினும், "பொது நீர் யாருக்கு உரியது? அதை எப்படிப் பகிர்ந்துகொள்வது?" என்னும் இந்தக் கேள்வி மிகப் பழமையானது. நம் முன்னோரும் அயல்நாட்டாரும் இதற்குக் கண்ட விடைகளை இக்கட்டுரையில் சுருக்கமாகப் பார்ப்போம்.

நம் வட்டாரத்து ஏரிகள் பிறந்த கதை

சுங்கை பூலோ என்னும் மலாய்ப் பெயருக்கு மூங்கில் ஆறு என்பது பொருள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமும் அதைச் சூழ்ந்த தோட்டங்களும் இங்கே பல தலைமுறைத் தமிழர்களுக்கு வாழ்வளித்தன. பால்மரம் வெட்டி முடித்த பிற்பகல்களில், ஒரு மூங்கில் கழியும் நைலான் நூலும் மண்புழுவும் கொண்டு ஓடைகளிலும் கால்வாய்களிலும் கெளுத்தியும் விராலும் பிடித்த கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு மட்டுமன்று. அன்றைய இரவுக் குழம்பும் அதுதான்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் காணும் ஏரிகளுள் பல, இயற்கை தந்தவை அல்ல. அவை ஈயம் தோண்டிய பள்ளங்கள். ஈய லம்பங்களில் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள் வியர்வை சிந்தித் தோண்டிய அந்தக் குழிகளில் மழைநீர் நிறைந்து குட்டைகளாயின. 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அனைத்துலக ஈய மன்றத்தின் நிதி நிலை சரிந்து, ஈயத்தின் விலை வீழ்ந்தபோது, எஞ்சியிருந்த சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பின்னர் அக்குட்டைகளுள் சில தூர்க்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின, சில பூங்காக்களாயின. கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரி, கிளானா ஜெயாவின் ஏரிகள், நமக்கு அருகிலுள்ள குண்டாங்கின் தாசேக் பீரு என்னும் நீல ஏரி ஆகிய யாவும் ஈயத்தின் நினைவுச் சின்னங்களே.

சீனர் தோண்டிய பள்ளத்தின் கரையில் இன்று மலாய்க்காரரும் தமிழரும் சீனரும் அருகருகே தூண்டில் போடுகின்றனர். இது நம் நாட்டின் அழகான காட்சிகளுள் ஒன்று.

விதிநூலில் இல்லாத மனிதர்

பொது ஏரியில் போட்டி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஏற்பாட்டாளர்கள் நகராண்மைக் கழகத்திடமோ உரிய தரப்பிடமோ அனுமதி பெறுகின்றனர். பெரும்பாலும் வளர்ப்புப் பண்ணையிலிருந்து கெலி, பாத்தின், ரோகு முதலிய மீன்களை விலைக்கு வாங்கி ஏரியில் விடுகின்றனர். கரை நெடுக எண்ணிட்ட குச்சிகள் நடப்படுகின்றன. போட்டியாளர் சீட்டெடுத்துத் தமக்குரிய எண்ணில் நிற்கின்றனர். விசில் ஊதியதும் தூண்டில்கள் நீரில் விழுகின்றன. இறுதியில் மீன்களை நிறுத்துப் பரிசளிக்கின்றனர்.

இவ்விதிகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். சீட்டும் எண்ணும் விசிலும் தராசும் ஒரு போட்டியாளரை மற்றொரு போட்டியாளரிடமிருந்து காப்பதற்காக ஏற்பட்டவை. அந்தக் கரையில் பத்து ஆண்டுகளாக அமர்ந்துவரும் முதியவரைப் பற்றி அவ்விதிநூலில் ஒரு வரியும் இராது. அவர் போட்டியில் இல்லை. ஆகவே விதியிலும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது எது? அதைத்தான் நம் மொழி இங்கிதம் என்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் பண்பு அது.

உத்திரமேரூரின் ஏரி வாரியம்

நம் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நாம் குடவோலைத் தேர்தலுக்காக மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அக்கல்வெட்டுகள் கூறும் வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அறுவர் கொண்ட அக்குழு குடவோலை முறையில் தெரிந்தெடுக்கப்பட்டு, 360 நாள் பணியாற்றியது. ஏரியைப் பேணுவது தனிமனிதர் விருப்பத்திற்கு விடப்படவில்லை. அது ஊர்ப்பொறுப்பாக இருந்தது.

பழங்கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்றொரு வரியும் காணப்படுகிறது. அது ஏரி, குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்டது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் இன்றும் வழங்கும் மீன்பாசிக் குத்தகை என்னும் தொடரில் அப்பழஞ்சொல்லின் எதிரொலி கேட்கிறது. பொது நீரிலிருந்து எடுப்பவர் பொதுவுக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதே அதன் பொருள். இக்காலப் போட்டியாளர் செலுத்தும் கட்டணமும் அப்படிப்பட்டதாக இருப்பின் நன்று. கட்டணம் செலுத்தியதால் ஏரியை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று எண்ணும்போதுதான் தகராறு தொடங்குகிறது.

வெள்ளைத் துண்டு அசையும்வரை

வரி ஒருபுறமிருக்க, வரியும் சட்டமும் இன்றியே பலநூறு பேர் ஒரே நீரில் இறங்கும் வழக்கம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் கோடையில் கண்மாய் நீர் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு முன்கூட்டியே செய்தி சொல்லப்படும். விடியற்காலையிலேயே ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் ஊத்தா, கச்சா, வலை முதலிய கருவிகளோடு கரையில் திரண்டு நிற்பர். ஊத்தா என்பது அடிப்பக்கம் அகன்றும் மேற்பக்கம் குறுகியும் மூங்கிலால் பின்னப்பட்ட, அடியில்லாக் கூடை. அதை நீரில் கவிழ்த்து, உள்ளே அகப்பட்ட மீனை மேல்வாய் வழியாகக் கையால் எடுப்பர்.

கண்ணெதிரே விரால்கள் துள்ளினாலும் எவரும் இறங்கமாட்டார். ஊர்க்கோயிலில் வழிபாடு முடிந்து, ஊர்ப் பெரியவர்கள் கரையேறி வெள்ளைத் துண்டை வீசிய பின்னரே அனைவரும் ஒரே நேரத்தில் ஓடி இறங்குவர். சாதி, மத வேறுபாடு அங்கே பார்ப்பதில்லை. பக்கத்து ஊரார் என்ற வேற்றுமையும் இல்லை. பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டிற்குக் கொண்டுபோய்ச் சமைப்பதும் உறவினர்க்குக் கொடுப்பதும் வழக்கம். இவ்விழாவை நடத்தினால் மறு ஆண்டு மழை பெய்து கண்மாய் நிறையும் என்பது அம்மக்களின் நம்பிக்கை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்த வெள்ளைத் துண்டு. அதை மீறினால் சிறைத்தண்டனை இல்லை. ஆயினும் பலநூறு பேர் அதற்குக் காத்திருக்கின்றனர். வலை வைத்திருப்பவரும் வெறுங்கையோடு வந்தவரும் ஒரே நொடியில் தொடங்குகின்றனர். திறமையுள்ளவர் மிகுதியாகப் பிடிக்கலாம். ஆனால் முந்திக்கொள்ள முடியாது.

தமக்குத் தாமே தடை கேட்டவர்கள்

பரிசுக்காகத் தூண்டில் போடும் போட்டியை ஒழுங்குபடுத்தியவர்களுள் ஆங்கிலேயத் தொழிலாளர்களுக்குத் தனியிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஷெப்பீல்டு நகரத்தின் கத்தி, எஃகுத் தொழிலாளர்கள் மீன்பிடிக் கழகங்களை அமைத்துக்கொண்டு, வார இறுதியில் இரயிலேறிச் சென்று ஆறுகளிலும் கால்வாய்களிலும் போட்டியிட்டனர். தூண்டில்கள் பெருகின, மீன்கள் முட்டையிடும் பருவத்திலும் பிடிபட்டன. அந்நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ஏ. ஜே. முண்டெல்லா முன்னின்று கொண்டுவந்த 1878ஆம் ஆண்டின் நன்னீர் மீன்வளச் சட்டம், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்று, ஏரி மீன்களைப் பிடிப்பதற்குத் தடை விதித்தது. 1995ஆம் ஆண்டில் பெரும்பாலான ஏரி, குளங்களுக்கு அத்தடை நீக்கப்பட்டபோதிலும், ஆறுகளில் அது இன்றும் தொடர்கிறது.

1903ஆம் ஆண்டில் தேசிய தூண்டிற்காரர் கூட்டமைப்பு தோன்றியது. 1906ஆம் ஆண்டில் தேம்ஸ் ஆற்றில், பாங்போர்ன் என்னுமிடத்தில் முதல் தேசியப் போட்டி நடைபெற்றது. எண்ணிட்ட குச்சிகளை நட்டு, சீட்டெடுத்து இடம் ஒதுக்கும் முறை இத்தகைய போட்டிகளில்தான் வேரூன்றியது. நம் ஏரிகளில் இன்று நடப்படும் குச்சிகள் அதன் வழிவந்தவையே. உத்திரமேரூரார் பதவிக்குச் சீட்டெடுத்தனர்; இவர்கள் இடத்திற்குச் சீட்டெடுத்தனர். செல்வாக்குள்ளவர் நல்லதைக் கைப்பற்றிவிடக் கூடாது என்பதே இரண்டிற்கும் அடிப்படை.

பிடித்ததை விடுதல்

அமெரிக்காவில் இக்கேள்வி வேறு வடிவெடுத்தது. ரே ஸ்காட் என்னும் காப்புறுதி முகவர், 1967ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆர்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் பாஸ் என்னும் மீனுக்கான போட்டியை நடத்தினார். 106 பேர் கலந்துகொண்டனர். பீவர் ஏரி அணைகட்டி உருவாக்கப்பட்ட பொது நீர்த்தேக்கம். எவரும் படகு விடலாம். மறு ஆண்டே அவர் ஒரு சங்கத்தை நிறுவினார், போட்டிகள் பெருகின.

நூறு படகுகள் ஒரே நாளில் வந்து, பெரிய மீன்களையெல்லாம் பிடித்து, நிறுத்து, கொன்றுவிட்டுப் போனால், அடுத்த வாரம் மகனோடு வரும் தகப்பனுக்கு என்ன மிஞ்சும்? இந்த ஐயம் இயல்பானதே. 1972ஆம் ஆண்டில் ஸ்காட் தம் போட்டிகளில், பிடித்த மீனை உயிரோடு வைத்திருந்து, நிறுத்தபின் நீரிலேயே விட்டுவிடும் முறையைப் புகுத்தினார். படகுகளில் காற்றூட்டப்பட்ட நீர்த்தொட்டிகள் வைக்கப்பட்டன. இறந்த மீனைக் கொண்டுவந்தால் எடையில் கழிவு செய்யப்பட்டது. ஸ்காட் 2022ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய பெயர் பரிசுத் தொகைகளுக்காக மட்டும் அல்லாமல் இந்த ஒரு மாற்றத்திற்காகவும் நினைக்கப்படுகிறது. பொழுதுபோக்காளர் பலரும் பின்னர் இதே வழக்கத்தைத் தாமாகவே மேற்கொண்டனர்.

விட்டுவிடுவதால் மீனுக்குத் துன்பமே இல்லை என்று சொல்ல இயலாது. தூண்டில் முள்ளும் வெயிலும் கையின் சூடும் சில மீன்களைக் கொல்லத்தான் செய்கின்றன. எனவேதான் ஈரக் கையால் பிடித்தல், நீருக்கு வெளியே வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்தல் முதலிய பழக்கங்கள் வலியுறுத்தப்படுகின்றன.

நம் நாட்டிலேயே ஒரு பாடம்

அயல்நாடுகளைப் பார்த்துவிட்டு நம் நாட்டை மறந்துவிடலாகாது. சபாவின் கடசான்டூசுன் மக்கள் ஆறுகளைக் காக்கக் கைக்கொண்ட தாகால் என்னும் முறை புகழ்பெற்றது. அச்சொல்லுக்குத் தடை என்பது பொருள். ஆற்றை அவர்கள் மூன்று வண்ணங்களாகப் பிரிக்கின்றனர். சிவப்புப் பகுதியில் மீன்பிடிக்கவே கூடாது. மஞ்சள் பகுதியில் ஊரார் முடிவுசெய்த காலத்தில் மட்டும் பிடிக்கலாம். பச்சைப் பகுதியில் விதிகளுக்கு உட்பட்டு எப்போதும் பிடிக்கலாம். 2003ஆம் ஆண்டில் சபா மாநிலம் இயற்றிய உள்நாட்டு மீன்வளச் சட்டம் இம்முறைக்குச் சட்டத் துணை அளித்தது. முதலில் வழக்கம், பிறகே சட்டம் என்பதை இங்கும் காண்கிறோம்.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஆற்று மீன்பிடிப்பு மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆயினும், ஞாயிறு காலையில் ஓர் ஏரிக்கரையில் யார் எங்கே அமர்வது என்பதை எந்த மாநிலச் சட்டமும் வரிவரியாகச் சொல்லிவிட முடியாது. அதைக் கரையில் நிற்பவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் கண்ட ஒரு காலை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வட்டாரத்து ஏரி ஒன்றில் போட்டி நடந்த நாளில் நான் மாணவர் சிலரோடு அங்கே இருந்தேன். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வழக்கமாக அமரும் மரத்தடியில் எண்ணிட்ட குச்சி நடப்பட்டிருந்தது. முதல்நாள் அறிவிப்புப் பலகை எதுவும் வைக்கப்படவில்லை. ஏற்பாட்டாளர் ஒருவர், "இடத்தைக் காலி செய்யுங்கள்" என்று சற்றுக் கடுமையாகவே கூறினார். பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார். என் மாணவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அப்போது அந்த எண்ணுக்குரிய சீட்டை எடுத்திருந்த மலாய் இளைஞர் வந்தார். நடந்ததை உணர்ந்து, தம் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "பாக்சிக், நீங்கள் இங்கேயே இருங்கள், நிழல் இருவருக்கும் போதும்" என்று மலாயில் சொன்னார். போட்டி முடியும்வரை தூண்டில் போடுவதில்லை என்று பெரியவரும் தாமாகவே ஒப்புக்கொண்டு, மீன் ஓடும் பக்கத்தை அந்த இளைஞருக்குச் சுட்டிக்காட்டிக் கொண்டிருந்தார். அந்த இளைஞர் பரிசு பெற்றாரா என்பது எனக்கு நினைவில்லை. மறுநாள் வகுப்பில் மாணவர்கள் பேசியதெல்லாம் அந்த நாற்காலியைப் பற்றித்தான்.

நடுநிலையோடு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். போட்டியாளர் மட்டுமே தவறு செய்கின்றனர் என்பது சரியன்று. போட்டி நடக்கும்போதே எல்லைக் கயிற்றுக்குள் தூண்டில் வீசுவோரும், அறுந்த நைலான் நூலையும் நெகிழிப் பைகளையும் கரையிலேயே விட்டுச் செல்வோரும் பொழுதுபோக்காளருள் உண்டு. அறுந்த நூல் பறவையின் காலில் சுற்றிக்கொண்டால், அது போட்டித் தூண்டிலின் நூலா, பொழுதுபோக்குத் தூண்டிலின் நூலா என்று பறவை பார்ப்பதில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நாம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கத்தக்க ஐந்து நெறிகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. முன்னறிவிப்பு. கண்மாய்த் திருவிழாவுக்கு முன்கூட்டியே செய்தி சொல்வதுபோல, போட்டி நாளையும் நேரத்தையும் கரையில் பல நாள் முன்னதாகவே எழுதி வைக்க வேண்டும்.

2. இடம் விடுதல். ஏரியின் முழுக்கரையையும் போட்டிக்கென வளைத்துக்கொள்ளாமல், ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு விட்டுவைக்க வேண்டும். பொதுமக்களும் எல்லைக் கயிற்றை மதிக்க வேண்டும்.

3. முதலில் வந்தவரை மதித்தல். ஒருவர் தூண்டில் போட்டிருக்கும் இடத்திற்கு அருகில் நிற்க நேர்ந்தால், கேட்டுவிட்டு நிற்பது முறை.

4. அளவறிதல். சிறு மீனையும் சினை மீனையும் விட்டுவிட வேண்டும். உண்ணத் தேவையானதை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை; வீணாக்குவதுதான் குற்றம்.

5. கரையைத் தூய்மையாக விடுதல். நூல், முள், இரைப் பொட்டலம் எதையும் விட்டுச் செல்லாதிருத்தல். பாசிப்பாட்டம் செலுத்த இயலாத சிறுவனும் இந்த வரியைச் செலுத்தலாம்.

ஆசிரியர்கள் இதை நன்னெறிக் கல்விப் பாடத்தில் ஒரு நடிப்பு நடவடிக்கையாகச் செய்யலாம். வகுப்பின் நடுவே ஒரு நீலத் துணியை விரித்து ஏரியாக்குங்கள். மாணவர்களை ஏற்பாட்டாளர், போட்டியாளர், முதியவர், சிறுவன் எனப் பிரியுங்கள். விதிகளை நீங்கள் சொல்லாதீர்கள்; அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். பிறகு குடவோலையையும் வெள்ளைத் துண்டையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வரலாறு தம் வீட்டருகே உள்ள ஏரிக்கும் பொருந்துவதைக் கண்டு அவர்கள் வியப்பார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளையோடு ஏரிக்குச் செல்லும்போது, உங்கள் வழக்கமான இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தால், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த இடம் பாருங்கள். பிள்ளை கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் பார்த்துக்கொண்டிருப்பான்.

உங்கள் வட்டாரத்து ஏரிகளிலும் ஆறுகளிலும் இத்தகைய நல்வழக்கங்கள் இருப்பின் எழுதுங்கள், மாணவர்களோடு பகிர்ந்துகொள்வேன்.